ஆடுகளம் – 9: மணிக்கு ஆயிரம் வோன்

1998 ஜனவரி. தென் கொரியாவில் கடுங்குளிர். வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். பணம் எடுக்க வந்தவர்கள் இல்லை, தங்கம் கொடுக்க வந்தவர்கள். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குச் சொந்தபந்தங்கள் போட்ட குட்டி மோதிரம், விளையாட்டு வீரர்கள் வாங்கிய பதக்கம் என்று பீரோவில் பூட்டிக் கிடந்ததையெல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். சுமார் 35 லட்சம் பேர் கொடுத்த தங்கம் 227 டன். ஈடாகப் பிற்பாடு அவர்களுக்குக் கொரியப் பணமான வோன் கிடைத்தது உண்மைதான். ஆனால் யாரும் லாபக் கணக்குப் போட்டு அந்த வரிசையில் நிற்கவில்லை. நாடு கடனில் மூழ்கிவிட்டது, கையில் இருப்பதைக் கொடுப்போம் என்றுதான் வந்தார்கள்.

ஆன்லைன் விளையாட்டின் வரலாற்றைப் பேச வந்த இடத்தில் தங்கம் எதற்கு என்று கேட்கலாம். உலகம் இன்று கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களுக்கான வியாபார முறை, ரசிகர் கூட்டம், தொழில்முறை வீரர்கள், அரசாங்கக் கட்டுப்பாடுகள் ஆகிய எல்லாமே பெருமளவில் உருவானது அந்தக் குளிர்காலத்தில் அடிவாங்கிய அந்த ஒரு நாட்டில்தான்.

நடந்தது இதுதான். 1997 நவம்பரில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய் தென் கொரியா சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கதவைத் தட்டியது. டிசம்பர் 3-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. நிதியம் மட்டுமே 2,100 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பதிலுக்குக் கேட்ட நிபந்தனைகளில் ஆட்குறைப்பை எளிதாக்குவதும் ஒன்று. 1997-ல் மூன்று சதவீதத்துக்கும் குறைவாக இருந்த வேலையின்மை, 1998-ல் ஏழு சதவீதத்தைத் தொட்டது. ஒரே கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறுவதுதான் வாழ்க்கை என்று நம்பியிருந்த நடுத்தர வயது ஆண்கள், கையில் ஒரு தொகையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நாட்களைக் கொரியர்கள் இன்றும் 'ஐ.எம்.எஃப். காலம்' என்றே குறிப்பிடுகிறார்கள்.

அந்தத் தொகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பலர் கோழி வறுவல் கடை போட்டார்கள். இன்னும் பலர் பிசி பாங் திறந்தார்கள்.

பிசி பாங் என்பது வாடகைக்குக் கணினி கிடைக்கும் அறை. நம்மூரில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு இருந்த பிரவுசிங் சென்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம்மவர்கள் அங்கே போனது மெயில் பார்க்க, தேர்வு முடிவு பார்க்க, வேலைக்கு விண்ணப்பிக்க. கொரியர்கள் போனது ஆட. பெரும்பாலும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி அல்லது அடித்தளம். உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள், சாய்ந்து உட்காரும் நாற்காலிகள், தலையில் மாட்டும் ஹெட்போன். சிகரெட் புகை மூக்கை அடைக்கும் (முழுமையான புகைத்தடை 2013-ல்தான் வந்தது). பசித்தால் கல்லாவில் சொன்னால் போதும், கோப்பை ராம்யோன் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள். ஜோடியாக வருபவர்களுக்கு இரட்டை இருக்கைகூட உண்டு. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். அக்கம்பக்கத்தில் போட்டிக் கடைகள் முளைக்க முளைக்கக் கட்டணம் இறங்கி, மணிக்கு ஆயிரம் வோன் அளவில் வந்து நின்றது. ஒரு டாலர்கூட இல்லை. ஒரு சினிமா டிக்கெட் காசில் ஐந்தாறு மணி நேரம் உட்காரலாம். வேலை போனவருக்கும், வேலை கிடைக்காத பட்டதாரிக்கும், கையில் சில்லறை மட்டுமே வைத்திருந்த பள்ளிப் பையனுக்கும் கட்டுப்படியான பொழுதுபோக்கு அதுவாகத்தான் இருந்தது. 1997-ல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த இந்தக் கடைகள், நான்கே ஆண்டுகளில் 20 ஆயிரத்தைத் தாண்டின.

கடை தயார். கூட்டமும் தயார். ஆட வேண்டிய ஆட்டம் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. 1998 மார்ச் 31 அன்று பிளிசார்ட் நிறுவனம் ஸ்டார்கிராஃப்ட்டை வெளியிட்டது. மூன்று இனங்கள் விண்வெளியில் மோதிக்கொள்ளும் போர் வியூக ஆட்டம் அது. தனியாக ஆடுவதைவிட எதிரில் ஒரு மனிதர் இருந்தால்தான் சூடு பிடிக்கும். ஒரு சுற்று இருபது, முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும், எனவே ஒரு மணி நேர வாடகைக்குள் இரண்டு ஆட்டம் போடலாம். பத்தாண்டுக்குள் உலகெங்கும் விற்ற சுமார் 95 லட்சம் பிரதிகளில் 45 லட்சம் கொரியாவில் மட்டும் விற்றன. ஐந்து கோடிக்கும் குறைவான மக்கள் தொகை கொண்ட நாடு அது!

சென்ற அத்தியாயத்தில் ஜப்பானைப் பார்த்தோம். அங்கே நின்டெண்டோவும் சோனியும் வீட்டுக் கூடத்தைப் பிடித்துக்கொண்டன. பக்கத்து நாடான கொரியாவில் அது ஏன் நடக்கவில்லை? காலனி ஆட்சியின் காயம் ஆறாததால் ஜப்பானியக் கலாசாரப் பொருட்களுக்கு அங்கே நீண்ட காலம் கட்டுப்பாடு இருந்தது. 1998 அக்டோபரில்தான் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கினார்கள். பிளேஸ்டேஷன் 2 அதிகாரபூர்வமாகக் கொரியக் கடைகளுக்கு வந்தது 2002-ல். டிவியில் செருகி ஆடும் பெட்டிகள் வீடுகளில் வேரூன்றாமல் போனதால், ஒரு தலைமுறைக்கே விளையாட்டு என்றால் கணினி, அதிலும் இன்னொருவரோடு சேர்ந்து ஆடுவது என்று ஆகிப்போனது.

உள்நாட்டில் அதற்கு முன்பே சில இளைஞர்கள் விதை போட்டு வைத்திருந்தார்கள். 1994 டிசம்பரில் கிம் ஜோங்-ஜூ, சோங் ஜே-க்யோங் என்ற இருவர் தொடங்கிய நெக்ஸான், 1996-ல் 'காற்றின் ராஜ்யம்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கிம் ஜின் வரைந்த படக்கதைதான் அதற்கு மூலம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து வாழும் வரைகலை உலகங்களில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று அது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சோங் ஜே-க்யோங் பிறகு கிம் தேக்-ஜின்னின் என்சிசாஃப்ட்டுக்குப் போய் லினியேஜை உருவாக்கினார். வெளியான மாதம் 1998 செப்டம்பர், நெருக்கடியின் உச்சம்.

லினியேஜில் தனியாள் எதுவும் சாதிக்க முடியாது. ஒரு இளவரசன் தலைமையில் ரத்த உறுதிமொழிக் கூட்டணி அமைக்க வேண்டும், கோட்டையை முற்றுகையிட வேண்டும், பிடித்தால் வரி வசூலிக்கலாம். அலுவலகத்தில் மேலாளராக இருந்து வேலை இழந்தவருக்கு இங்கே ஐம்பது பேர் கொண்ட படை கிடைத்தது. பலருக்கு அது விளையாட்டு மட்டுமாக இருக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. என்சிசாஃப்ட்டின் கெட்டிக்காரத்தனம் கட்டணத்தில் இருந்தது. வீட்டில் ஆடுபவரிடம் மாதக் கட்டணம். அதைவிட முக்கியமாக, பிசி பாங் முதலாளியிடம் இணைப்புக்கு இவ்வளவு என்று மொத்தக் கட்டணம். சிடி விற்பனையில் இருந்த திருட்டுப் பிரதித் தொல்லையே இங்கே எழவில்லை, சர்வர் நிறுவனத்தின் கையில் இருந்ததே காரணம்.

இதையெல்லாம் தாங்கிப் பிடிக்கக் கம்பி வேண்டுமே. 1998 பிப்ரவரியில் அதிபராகப் பதவியேற்ற கிம் டே-ஜுங், நாட்டைக் கரையேற்றும் வழிகளில் ஒன்றாகத் தகவல் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்தார். 1998 ஜூலையில் துருநெட் நிறுவனம் கேபிள் வழியாக அதிவேக இணையம் தந்தது. 1999 ஏப்ரலில் ஹனாரோ டெலிகாம் தொலைபேசிக் கம்பியிலேயே ஏ.டி.எஸ்.எல். என்ற அதிவேக இணைப்பைக் கொடுத்தது. அரசுத் தொலைபேசி நிறுவனமும் போட்டியில் குதித்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழும் நாடு என்பதால், ஒரு கட்டடத்துக்குக் கம்பி இழுத்தால் நூறு வீடுகள் கிடைத்தன. 1999-ல் அரசாங்கம் மலிவு விலையில் 'மக்கள் கணினி' திட்டம் கொண்டுவந்து, தபால் நிலையம் மூலம் தவணைக்கு வழி செய்தது. இல்லத்தரசிகளுக்குத் தனியாக இணைய வகுப்புகளும் நடந்தன. கணினியைப் பிள்ளையின் படிப்புக்கு என்று வாங்கிய அம்மாக்கள் ஏராளம். 2002 முடிவதற்குள் அதிவேக இணைப்புகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. ஐ.எம்.எஃப். கடன் அதற்கு முந்தைய ஆண்டே, கெடுவுக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, அடைக்கப்பட்டிருந்தது.

1999-ல் சிறுவர்களுக்கான கார்ட்டூன் சேனல் ஒன்று ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளை ஒளிபரப்பிப் பார்த்தது. எதிர்பாராத வரவேற்பு. 2000-ல் அதே நிறுவனம், விளையாட்டுக்கென்றே முழுநேரச் சேனலான ஓன்கேம்நெட்டைத் தொடங்கியது. கலாசார அமைச்சகத்தின் ஒப்புதலோடு கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கமும் அதே ஆண்டு உருவானது. தொலைபேசி நிறுவனங்கள் அணிகளை வாங்கின. வீரர்கள் ஒரே வீட்டில் தங்கி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி எடுத்தார்கள்.

அந்தத் தலைமுறையின் நாயகன் லிம் யோ-ஹ்வான். 'பாக்ஸர்' என்பது ஆட்டப் பெயர், 'பேரரசர்' என்பது ரசிகர்கள் கொடுத்த பட்டம். 2001-ல் ஓன்கேம்நெட் லீக்கை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார். அவருடைய இணைய ரசிகர் மன்றத்தில் லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். 2004 நவம்பரில் அதே லீக்கின் அரையிறுதியில் பரம வைரி ஹோங் ஜின்-ஹோவைச் சந்தித்தார். முதல் ஆட்டம் தொடங்கிய கையோடு, தன் தொழிலாளர்களில் சிலரை எதிராளியின் வாசலுக்கே அனுப்பி அங்கே பதுங்கு அரண் கட்டத் தொடங்கினார். தோற்றால் மீளவே முடியாத சூதாட்டம். ஹோங் நிமிர்வதற்குள் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்திலும் அதையே செய்தார். மூன்றாவதிலும் அதையே செய்யத் துணிவார் என்று யாரும் நினைக்கவில்லை. செய்தார். 3-0. கோழி வறுவலுக்கு போன் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள், வறுவல் வருவதற்குள் போட்டியே முடிந்துவிட்டது என்று இன்றுவரை சொல்லி அங்கலாய்க்கிறார்கள்.

அதே 2004-ல், ஜூலை 17 அன்று, பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் அணிகளுக்கான லீக் இறுதிப் போட்டி. மணலில் மேடை, மேடையில் கண்ணாடிக் கூண்டுகள், பின்னால் கடலும் பாலமும். கூட்டம் ஒரு லட்சம் என்று அமைப்பாளர்கள் கணக்கிட்டார்கள். அன்றைக்கே அதே ஊர் மைதானத்தில் தொழில்முறை பேஸ்பால் நட்சத்திர ஆட்டம் நடந்தது. அங்கே கூடியவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். லிம் யோ-ஹ்வானின் எஸ்.கே. டெலிகாம் அணியை ஹன்பிட் ஸ்டார்ஸ் 4-3 என்று வீழ்த்தியது. இதற்குப் பிறகு 'பிள்ளைகள் விளையாட்டு' என்று யாராலும் ஒதுக்க முடியவில்லை. கட்டாய ராணுவ சேவைக்குப் போன வீரர்களுக்காக 2007-ல் விமானப்படையே ஓர் அணி அமைத்தது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி ஆட்டம் ஆடித் தங்கம் வென்றவர்களுக்கு அந்தச் சேவையிலிருந்தே விலக்கு கிடைத்தது. ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களுக்குக் கிடைக்கும் அதே சலுகை அது.

புகழ் ஒரு பக்கம். காசு எப்படி வந்தது என்பதில்தான் நம் வீடுகளுக்கும் தொடர்புள்ள சங்கதி இருக்கிறது. நெக்ஸான் 1999-ல் க்விஸ்க்விஸ் என்ற வினாடி வினா ஆட்டத்தை விட்டது. மாதக் கட்டணம் கேட்டதும் ஆட்கள் விலகினார்கள். 2001-ல் வழியை மாற்றினார்கள். ஆட்டம் இலவசம், உள்ளே உங்கள் பொம்மைக்குப் போடும் சட்டைக்கும் தொப்பிக்கும் மட்டும் காசு. கல்லா நிரம்பியது. மேப்பிள்ஸ்டோரி (2003), கார்ட்ரைடர் (2004) இரண்டும் அதே பாதையில் குழந்தைகளைக் கோடிக்கணக்கில் இழுத்தன. பிறகு சட்டை தொப்பியோடு நிற்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளை விற்றார்கள். நல்ல ஆயுதம் விழலாம், விழாமலும் போகலாம். மேப்பிள்ஸ்டோரியில் அந்த வாய்ப்பு விகிதத்தையே ஆடுபவர்களிடம் சொல்லாமல் குறைத்ததற்காக, கொரிய நியாய வர்த்தக ஆணையம் 2024 ஜனவரியில் நெக்ஸானுக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. இன்று உங்கள் பிள்ளை கைப்பேசியில் ஆடும் 'இலவச' ஆட்டத்தின் மூதாதை இதுதான்.

இனி வருவது வலிக்கும் பகுதி. 2002-ல் குவாங்ஜு நகரில் ஒரு பிசி பாங்கில் 86 மணி நேரம் தொடர்ந்து ஆடிய 24 வயது இளைஞர் இறந்தார். 2005-ல் தேகுவில் சுமார் 50 மணி நேரம் ஸ்டார்கிராஃப்ட் ஆடிய 28 வயதுக்காரர் இறந்தார். 2010-ல் சுவோனில் ஒரு தம்பதி கைதானார்கள். இருவரும் பிசி பாங்கில் உட்கார்ந்து இணையத்தில் ஒரு கற்பனைப் பெண் குழந்தையை வளர்த்துக்கொண்டிருக்க, வீட்டில் அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை பட்டினியில் இறந்துபோயிருந்தது. நாடு அதிர்ந்தது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற குரல் எழுந்தது, எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வந்தது சட்டம். 2011 நவம்பர் 20 முதல், 16 வயது நிரம்பாத யாரும் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கணினி ஆட்டம் ஆடக் கூடாது, நிறுவனங்களே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சிண்டரெல்லா சட்டம் என்று பெயர் விழுந்தது. மேலே சொன்ன மூன்று சம்பவங்களிலும் ஆடியவர்கள் அனைவரும் பெரியவர்கள். சட்டம் பிடித்ததோ பிள்ளைகளை.

ஒரு சியோல் மாணவனின் கடிகாரத்தை இங்கே பார்க்க வேண்டும். மாலை பள்ளி முடிந்ததும் ஹக்வோன், அதாவது டியூஷன் சென்டர். அதன் வகுப்புகள் நகர விதிப்படி இரவு 10 மணிக்கு முடிய வேண்டும், பத்து வரை நடக்கவும் நடக்கும். பத்து மணிக்கு வெளியே வந்தால், அதே பத்து மணியிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு பிசி பாங்கில் அனுமதி கிடையாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கணினி முன் உட்கார்ந்தால் நள்ளிரவில் அதுவும் அணைந்துவிடும். பகலை முழுக்கப் படிப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரவுக்கும் பூட்டுப் போட்டார்கள். நண்பர்களைப் பார்க்க அந்தப் பையனுக்கு வேறு எந்த மணி இருந்தது என்று சட்டம் கேட்கவே இல்லை. என் கோபம் இந்த இடத்தில்தான்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அம்மாவின் குடிமக்கள் பதிவு எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். கைப்பேசி ஆட்டங்கள் சட்டத்துக்கு வெளியே இருந்ததால் போர்வைக்குள் கைப்பேசி வந்தது. 2012-ல் ஒரு சர்வதேசத் தகுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்த 15 வயது கொரிய வீரரின் ஆட்டம் நள்ளிரவானதும் தடைபட்டதை உலகமே நேரலையில் பார்த்தது. 2014-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2021-ல் விநோதத்தின் உச்சம். உள்ளே நுழைவதற்கான பயனர் கணக்கு முறை மாறியதால், சிறுவர்கள் கட்டை அடுக்கி வீடு கட்டும் மைன்கிராஃப்ட், கொரியாவில் மட்டும் பெரியவர்களுக்கான ஆட்டமாக ஆனது. பெற்றோர்களே மனுப் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் அரசு பின்வாங்கியது. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இல்லை. பெற்றோரோ பிள்ளையோ கேட்டால் நிறுவனம் நேரத்தைப் பூட்டித் தர வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் தொடர்கிறது.

கொரியாவின் அலை நம் கரைக்கும் வந்தது. 2018-ல் கைப்பேசிக்கு வந்த பப்ஜி, ஒரு கொரிய நிறுவனத்தின் ஆட்டம். 2020 செப்டம்பரில் இந்தியா அதைத் தடை செய்தது, அடுத்த ஆண்டே வேறு பெயரில் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் கவலை வேறு திசையில் இருந்தது. இங்கே உயிர்களைக் குடித்தது காசு வைத்து ஆடும் ரம்மி. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த விதிகள் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் 18 வயதுக்குட்பட்டவர்களைத் தடுத்தன, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை யாருக்கும் அனுமதி இல்லை என்றன. சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்தது. கடன்பட்டுச் சாகும் குடும்பத்தலைவனைக் காப்பாற்ற வந்த விதிகளையும் கொரியாவின் சிண்டரெல்லா சட்டத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சூதாட்டத்துக்குப் பூட்டு தேவைதான்.

ஆனால் காசு சம்பந்தப்படாத ஆட்டங்களுக்கும் இரவுப் பூட்டுப் போட வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அப்படி ஒரு வரைவு எழுதப்படும் நாள் வந்தால், எழுதுபவர்கள் கொரியா பத்து ஆண்டு போட்டுப் பார்த்துக் கைவிட்ட கதையை முதலில் படிக்க வேண்டும். பெற்றோர்களும் கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் பிள்ளையின் கால அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கும் டியூஷனுக்கும் நடுவில், நண்பர்களோடு தெருவில் இறங்கி ஆட ஒரு மணி நேரமாவது அதில் இருக்கிறதா?

(தொடரும்)